கொழும்புக்குப் போய் விந்துக் கழுவலா, வீட்டிலேயே முயற்சியா?

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மனைவிக்கு இல்லை. பிள்ளை ஆசை வந்தபோது மூன்று வழிகள் கிடந்தன: எல்லாரையும் போல வீட்டில் முயல்வது, கொழும்பில் விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்துவது, தத்தெடுப்பது. நாங்கள் எடுத்தது முதலாவதை. மகளுக்கு இப்போது பதினொரு மாதம், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

கழுவல் முறை நல்ல மருந்து வராத காலத்தில், 1980களின் கடைசியில் இத்தாலியில் தொடங்கியது. வைரஸ் விந்தணுவை விட அது மிதக்கும் திரவத்தில்தான் இருக்கும். இயந்திரத்தில் சுழற்றி அணுவைத் தனியே பிரிப்பார்கள். ஆனால் காசு, லீவு, இரவு பஸ். அந்த மாதம் கரு தங்காவிட்டால் திரும்பவும் அதே பஸ். விசாரிக்கப் போன ஒரு தனியார் இடத்தில், ரிப்போர்ட்டைப் படித்த பெண் ஊழியர் ஃபைலை இரண்டு விரலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டு வழிக்குச் செலவில்லை, மருந்தும் அரசாங்க கிளினிக்கில் இலவசம். பயமெல்லாம் மனைவிக்குத் தொற்றுமோ என்பதுதான். 2016இல் வந்த பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 888 சோடிகள், ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 58,000 தடவை. மருந்தால் வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. தாய்க்குத் தொற்றாவிட்டால் பிள்ளைக்கும் வராது, தகப்பனிடமிருந்து நேரே போவதில்லை.

ஆக எல்லாம் வைரஸ் லோட், அதாவது இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்ற ஒரு எண்ணில் நிற்கிறது. ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் 200க்குக் கீழே, அதுவும் ஆறு மாதமாவது தொடர்ந்து. அதை அங்கே பிடித்து வைப்பது நாள் தவறாத குளிசை. மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருப்பான், அதனால் என் போத்தல் இருந்தது மாமியின் அலுமாரியில். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தேன். "என்ன வருத்தத்துக்கு மகன் இது?" என்றார். பிரஷர் என்றேன். அன்றோடு என் கறியில் உப்புக் குறைந்தது. நெஞ்செரிவுக்கு அவர் தந்த வெள்ளை மருந்தும் சிக்கல்தான்: என் குளிசையில் உள்ள டொலுடெக்ராவிர் அதோடு சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சுவறாது. குளிசை போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். இதையெல்லாம் காக்க முடியாதவர் வீட்டு வழிக்கு இறங்கவே கூடாது.

விந்தணு எண்ணிக்கை குறைந்தவருக்குக் கொழும்பு வழியே சரி.

தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் ஊடாக நடப்பது. அந்தப் படி நான் ஏறியதில்லை, அதனால் நல்லது கெட்டது சொல்ல வரவில்லை.

பெண்ணுக்குத் தொற்று என்றால் கணக்கு வேறு, அங்கும் எனக்குத் தெரிந்தது கேள்விப்பட்டதுதான். மருந்தே இல்லாவிட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றலாம், ஒழுங்காக மருந்தெடுத்தால் 5க்கும் கீழே. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்தது. தாய்ப்பாலா மாப்பாலா என்பதை மட்டும் பிரசவத்துக்கு முதலே கிளினிக்கில் பேசி வைக்க வேண்டும். பிள்ளை பார்க்க வருகிற சனம் முதலில் கேட்பது அதைத்தான்.