பயணத்துக்கென்று ஒரு பேரேடு: ஹெச்லெட்ஜரோடு ஐந்து நாள்

எங்கள் கூட்டத்தில் கணக்கு எழுதுகிற ஆள் நான்தான். யாரும் நியமிக்கவில்லை. பில்லைக் கசக்கி எறியாமல் பையில் போட்டுக்கொள்கிற ஒரே ஆள் என்பதால் என் தலையில் விழுந்தது. இதுவரை செலவு பிரிக்கும் ஒரு மொபைல் செயலியில் எழுதிவந்தேன். பெயர் வேண்டாம். யார் கொடுத்தது, யார் யாருக்குள் பிரிப்பது என்ற இரண்டு கேள்வியோடு அதன் உலகம் முடிந்துவிடும். சாப்பாட்டு பில்லுக்கு அது தாராளம். முன்பணம், திரும்பி வந்த பணம், பொதுப் பணப்பை என்று வந்தால் நானே இல்லாத செலவுகளை எழுதி அதை ஏமாற்ற வேண்டியிருந்தது.

இந்த முறை ஹெச்லெட்ஜரை எடுத்துக்கொண்டேன். ஜான் வீக்லி 2003-இல் எழுதிய லெட்ஜர் என்ற நிரலின் வழியில், சைமன் மைக்கேல் 2007-இல் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் தொடங்கியது இது. இலவசம், திறமூலம். கணக்கை நாமே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தட்ட வேண்டும். கட்டளை கொடுத்தால் அதைப் படித்துக் கூட்டிக் காட்டும். பிரவுசரில் பார்க்க ஒரு முகமும் இருக்கிறது, நான் தொடவில்லை.

முதல் நாள் நான் செய்த தப்பு கருவியின் தப்பு இல்லை. என் சொந்தக் கணக்குப் புத்தகம் போல ஆரம்பித்து, சீனியர், கேமரா, தூக்கம் என்ற மூன்று நண்பர்களையும் கடனாளிகளாக எழுதினேன். என் கை படாத செலவு வந்ததும் சிக்கிக்கொண்டது. சீனியர் கொடுத்தார், கேமராவும் தூக்கமும் சாப்பிட்டார்கள், இதில் நான் எங்கே வருகிறேன்? (பெயர்கள் எல்லாம் பட்டப்பெயர்கள்தான். கோப்பிலும் அப்படியே எழுதினேன். தமிழில் கணக்குப் பெயர் வைத்தால் எந்த மறுப்பும் இல்லாமல் ஏற்கிறது.) அன்று இரவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புத்தகம் என்னுடையதல்ல, பயணத்தினுடையது என்று வைத்துக்கொண்டேன். வணிகவியல் வகுப்பில் 'நிறுவனம் வேறு, உரிமையாளர் வேறு' என்று படித்ததைப் பரீட்சைக்குப் பிறகு பயன்படுத்தியது அன்றுதான். பயணம் ஒரு கடை. நாங்கள் நாலு பேரும், நான் உட்பட, அதில் பற்றுவரவு வைத்திருப்பவர்கள். அதன்பிறகு எதுவும் சிக்கவில்லை.

எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனது விடுதி முன்பண விஷயத்தில். கேமரா தன் கார்டில் 6000 முன்பணம் கட்டினான். (எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை.) காலி செய்யும்போது மேசை விளக்கு உடைந்ததற்கு 800 பிடித்துக்கொண்டு, மீதி 5200-ஐ ரொக்கமாக, அப்போது கவுன்டரில் நின்ற சீனியர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதிலிருந்தே திரும்பும் வண்டிக்கு 3600 எடுத்துக் கொடுத்தார். பழைய செயலியாக இருந்தால் இந்த இடத்தில் நான் போனை அணைத்திருப்பேன். கோப்பில் இது மூன்று பதிவு (தேதி வரிகளை இங்கே விட்டுவிட்டேன்):

முன்பணம்  6000
கேமரா  -6000

சீனியர்  5200
சேதம்  800
முன்பணம்  -6000

வண்டி  3600
சீனியர்  -3600

ஒவ்வொரு பதிவும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் கோப்பையே ஏற்காமல் எந்த வரி என்று சுட்டிக்காட்டி நிற்கும். பற்று, வரவு என்ற சொற்களே கிடையாது, கூட்டலும் கழித்தலும்தான். முறையாகக் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். பெறுபவர் பற்று, தருபவர் வரவு என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பற்று என்றால் கூட்டல் என்று பிடித்துக்கொண்டால் போதும்.

விளக்கைத் தட்டிவிட்டது தூக்கம்தான். ஆனாலும் நாலாகவே பிரிப்போம் என்று முடிவாயிற்று. அந்த முடிவை எந்த நிரலும் எடுக்காது. சேதம் தலைக்கு 200, வண்டி தலைக்கு 900. இந்த மூன்று பதிவுக்கு மட்டும் பார்த்தால், பங்குகளை ஏற்றிய பிறகு கேமரா -4900, அதாவது பயணம் அவனுக்குத் தர வேண்டியது. சீனியர் 2700, நான் 1100, தூக்கம் 1100. மூன்றையும் கூட்டினால் 4900. முன்பணக் கணக்கு பூஜ்யமாகி ஒதுங்கிவிட்டது.

"நான் வண்டிக்கு 3600 கொடுத்தேனே, நான் எப்படி 2700 தரணும்?" என்று சீனியர் நியாயமாகத்தான் கேட்டார். ரெஜிஸ்டர் கட்டளையில் அவர் கணக்கை மட்டும் எடுத்துக் காட்டினேன். 5200 வந்தது, 3600 போனது, 200, 900; பக்கத்தில் ஓடும் இருப்பு. மேலிருந்து கீழே ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றார்.

பொதுப்பைக்கு இருப்பு உறுதி என்ற வசதி கைகொடுத்தது. ஆளுக்கு 3000 போட்டு 12000 வைத்திருந்தோம். இரவில் ரொக்கத்தை எண்ணி, 'இப்போது இவ்வளவு இருக்க வேண்டும்' என்று ஒரு சமக்குறி போட்டு எழுதிவிடலாம். இரண்டாம் நாள் எண்ணியபோது 7360. புத்தகம் 7500 என்று சொல்லி நின்றுவிட்டது. 140 எங்கே? பார்க்கிங். அன்றே கேட்டதால் தூக்கத்துக்கு நினைவு இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் யாருக்கும் இருந்திருக்காது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இரண்டு இடைவெளி. கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது இரண்டு இடைவெளி வேண்டும். பெயருக்குள்ளேயே ஒற்றை இடைவெளி வரலாம் என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். ஒன்றை விட்டுவிட்டால் 'கேமரா -6000' என்பதே ஒரு புது ஆளின் பெயராகிவிடும். ஒரு பதிவில் ஒரு வரிக்குத் தொகையைக் காலியாக விட்டால் மீதியை அதுவே போட்டுக்கொள்ளும் என்பதால் பிழைச்செய்தியும் வராது. எங்களோடு ஐந்தாவது ஆள் ஒருவர் பயணம் செய்துகொண்டிருந்ததை மறுநாள் காலைதான் பார்த்தேன். கணக்குப் பெயர்களை முன்பே அறிவித்துவிட்டு, கறாரான சோதனை முறையில் ஓட்டினால் இது மாட்டும்.

அந்தக் காலி வரி மூன்றாகப் பிரித்து 333.33 வரும் இடங்களில் வரம். மிச்சச் சில்லறை அந்த வரியில் போய் உட்காரும். எரிபொருளுக்கு 4500 என்பதை 450 என்று தட்டியபோது அதே வசதி என்னைக் கவிழ்த்தது. மறுபக்கமும் சமர்த்தாக -450 ஆகி, கணக்கு டாலி. சீனியரின் கார்டு அறிக்கையோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. இருபுறமும் ஒரே தப்பு இருந்தால் இரட்டைப் பதிவு, அதாவது ஒவ்வொரு தொகையையும் இரண்டு பக்கம் எழுதும் இந்த முறை, பிடிக்காது. ஒரு செலவை எழுதவே மறந்தாலும் பிடிக்காது. இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494-இல் வெனிஸில் இந்த முறையை அச்சில் ஏற்றிய காலத்திலிருந்தே அப்படித்தான். வெளியே இருக்கும் ஒரு உண்மையோடு, எண்ணிய ரொக்கமோ கார்டு அறிக்கையோ, மோதிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

அடுத்தது, யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று இது சொல்லாது. நிலுவையை மட்டும் காட்டும். நாலு பேருக்கு அதிகபட்சம் மூன்று பரிமாற்றம்தான், கையாலேயே போட்டுவிடலாம். பத்துப் பேர் போனால் அலுப்பாக இருக்கும்.

வழியில் தட்டுவதும் நடக்காத காரியம். நான் பகலில் போனில் குறித்துக்கொண்டு இரவில் லேப்டாப்பில் ஏற்றினேன், தினம் பத்து நிமிடம். கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் தமிழ்ப் பெயர்களின் பத்திகள் கொஞ்சம் கோணலாக நின்றன. எண்கள் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் எல்லோரும் எழுத வேண்டும் என்றால் இது வேண்டாம், செயலியே மேல். என்னைப் போல ஒருவர் தலையில் விழுந்திருந்தால், கூடவே முன்பணமும் பொதுப்பையும் இருந்தால், தயங்காமல் எடுங்கள். அடுத்த பயணத்துக்கும் இதே கோப்புதான், புதிதாகத் தொடங்கவும் முடியாது: தூக்கத்தின் நிலுவை இன்னும் பூஜ்யமாகவில்லை.