கேனிஸ்டர் ஃபில்டர், மூன்று வருடம் கழித்து

போன வாரம் என் மீன் தொட்டியின் கேனிஸ்டர் மூடியில் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, மாற்றினேன். கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்; தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் போய் வடிகட்டப்பட்டுத் திரும்பும். இரண்டு நாளாகத் துளித்துளியாகக் கசிந்து, ஸ்டாண்டின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது. அதே வாரம் மதுரையிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். "மாமா, ரெண்டடி தொட்டி வாங்கியிருக்கேன். ஹேங் ஆன் போதுமா, கேனிஸ்டரே வாங்கிடவா?" ஹேங் ஆன் என்றால் தொட்டி விளிம்பில் மாட்டும் ஃபில்டர். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

என்னுடையது மூன்றடித் தொட்டி, சுமார் 150 லிட்டர். ஏஞ்சல், கொஞ்சம் டெட்ரா, அடியில் கோரி மீன்கள். முன்பு டாப் ஃபில்டரும் இன்டர்னல் ஃபில்டரும் ஓட்டியிருக்கிறேன். ஒன்று ராத்திரியெல்லாம் சலசலக்கும், இன்னொன்று வாரம் தவறாமல் அடைத்துக்கொள்ளும். அவற்றைப் பற்றி அவ்வளவுதான்.

கேனிஸ்டர் தண்ணீரைச் சுத்தம் செய்வதுபோல வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டிக்குள் விழும்போது முன்பெல்லாம் தூசி மிதப்பது தெரியும். இப்போது வெளிச்சம் மட்டும்தான் விழுகிறது. சத்தமே கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவினால் போதும். ஸ்பாஞ்ச், பயோ ரிங் (நுண்துளை வளையங்கள்), ஃப்ளாஸ் (பஞ்சு) எல்லாம் தாராளமாகப் போட இடம் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர் பழுதாகி ஒருமுறைகூட நின்றதில்லை.

ஆனால் கரண்ட் போனால் கதை மாறிவிடுகிறது. என் மனக்குறை முழுவதும் இதில்தான்.

ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டுவது என்று நினைக்கிறோம். அது பாதி வேலைதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ரிங்கிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை வளர்ந்து நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். கேனிஸ்டரோ மூடி இறுக்கிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு அவை சாக ஆரம்பிக்கும். கரண்ட் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடும். உள்ளே கெட்டுப்போன தண்ணீர் அத்தனையும் தொட்டிக்குள் வரும்.

போன வருடம் சித்திரையில் ஒரு நாள், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். வீட்டில் யாரும் இல்லை. நான் வந்தபோது கரண்ட் வந்திருந்தது, ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஹாலில் அழுகிய முட்டை வாடை. வெயில் காலத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாக மாறியது. ஆன்டி குளோரின் விட்டுப் பாதித் தண்ணீரை மாற்றினேன். விடிவதற்குள் மூன்று போய்விட்டன. பொட்டு அளவிலிருந்து நான் வளர்த்தவை.

கரண்ட் பல மணி நேரம் போயிருந்தால் கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஓட்ட வேண்டும். இப்போது தெரியும். ஆனால் வீட்டில் ஆள் இல்லாத நாளில் யார் திறப்பது?

பால்கனியில் இரண்டடி கப்பி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் 150 ரூபாய் ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப். காற்றுக் குமிழி குழாயில் ஏறும்போது தண்ணீரும் சேர்ந்து ஏறுகிறது, அந்த இழுப்பில் ஸ்பாஞ்ச் வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. வேறு எந்திரம் எதுவும் அதில் இல்லை. அதே சித்திரை நாளில் இந்தத் தொட்டிக்கும் கரண்ட் இல்லை. ஒரு கப்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீன் குறைவு, தண்ணீர்ப் பரப்பு திறந்தது, ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே இருக்கிறது. சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் வரிசை வரிசையாக ஸ்பாஞ்ச் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். விலைக்காக என்று அப்போது நினைத்தேன்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. பிறந்த கப்பிக் குஞ்சுகள் அந்த ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொத்தித் தின்கின்றன. ஹேங் ஆன் என்றால் உறிஞ்சும் குழாயில் போயிருக்கும். காலையில் காபி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

குறையும் உண்டு. ஏர் பம்ப் கொர்ரென்று சத்தம் போடும், அடியில் துணி மடித்து வைக்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்பை வைத்தால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும். கேனிஸ்டரின் தெளிவு ஒருநாளும் வராது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும், குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் கேனிஸ்டர் வாங்கு என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் அவன் வீடு பூட்டியிருக்கும், இன்வெர்ட்டர் கிடையாது. ஸ்பாஞ்ச் போடு என்றுதான் சொன்னேன். என் கேனிஸ்டர் புது ஓ-ரிங்கோடு ஓடுகிறது. கூடவே மூலையில் ஒரு ஸ்பாஞ்சும் ஏர் பம்பும் வைத்துவிட்டேன்.

பால்கனித் தொட்டியில் இரண்டாவதாக ஒரு ஸ்பாஞ்சும் ஓடுகிறது. அது அவனுக்காக, பாக்டீரியா குடியேறட்டும் என்று. பொங்கலுக்கு வரும்போது தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுத் தருகிறேன், வீட்டுக்குப் போனதும் உடனே தொட்டியில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மீன் வாங்காதே என்றும்.