"பத்து வருஷம் ஆகல, பென்ஷன் கிடையாது" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

வேலையில் இருக்கிற தொழிலாளி இறந்துவிட்டால், கருமாதி முடிந்த கையோடு பி.எஃப். புரோக்கர்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஷூ கம்பெனியும் டேனரியும் (தோல் பதனிடும் தொழிற்சாலை) இருக்கிற ஊரிலெல்லாம் இந்த ஏமாற்று ஒரே மாதிரிதான் நடக்கிறது. வருகிற புரோக்கர் அன்பாகத்தான் பேசுவார். "அக்கா, வூட்டுக்காரருக்கு ஆறு வருஷம்தான் சர்வீஸ். பத்து வருஷம் ஆகலன்னா பென்ஷன் கிடையாது. இருக்கிற பணத்தையாவது எடுத்துத் தர்றேன், நூத்துக்கு இருபது குடுங்க." பிறகு இறந்தவரின் போன், அதிலிருக்கிற சிம், ஆதார், பேங்க் பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த சிம்முக்கு வருகிற ஓடிபியை வைத்து, இறந்தவர் உயிரோடு இருந்து வேலையை விட்டு நின்றதுபோல இரண்டு விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது. படிவம் 19 பி.எஃப். பணத்துக்கு. படிவம் 10-சி பென்ஷன் கணக்கில் சேர்ந்ததை மொத்தமாக எடுத்து முடிப்பதற்கு. பணம் இறந்தவரின் அக்கவுண்டில் விழும், ஏடிஎம்மில் புரோக்கரே எடுப்பார், அவர் பங்கு போக மீதி அந்த அம்மா கைக்கு வரும். பணம் வந்ததே என்று அவர்களும் நன்றி சொல்வார்கள். அந்த 10-சி வழியாக வாழ்நாள் ஓய்வூதியம் கைவிட்டுப் போனது அவர்களுக்குத் தெரியாது.

பத்து வருஷக் கணக்கு உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்கு உரியது. 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் உண்டு. மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாது. சம்பளத்தையும் சர்வீஸையும் பொறுத்துக் கூடும். மறுமணம் செய்துகொள்ளாத வரை ஆயுள் முழுக்க வரும். கூடவே இரண்டு பிள்ளைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் விதவை ஓய்வூதியத்தில் கால் பங்கு, 250 ரூபாய்க்குக் குறையாமல், 25 வயது வரை. மூத்த பிள்ளைக்கு வயது முடிந்ததும் மூன்றாவது பிள்ளைக்கு மாறும். ஆறு வருஷ சர்வீஸுக்கு 10-சி கொடுப்பதோ ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். 14,000 சம்பளக்காரருக்கு 85,000 ரூபாய் அளவில் வரும். கைக்குழந்தையோடு நிற்கிற முப்பது வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் கம்பெனி அல்லது காண்ட்ராக்டர் பக்கத்துத் தப்பும் உண்டு. இறந்த தேதியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய மாதத்து ஏதோ ஒரு தேதியைப் போட்டு, 'வேலையை விட்டு நின்றார்' என்று கணினியில் பதிந்துவிடுவார்கள். சிலர் அலட்சியத்தில் செய்கிறார்கள், சிலர் விசாரணை வரக்கூடாது என்று செய்கிறார்கள். இந்த ஒரு பதிவால் புரோக்கர் சொன்ன பொய் உண்மையாகிவிடும். வேலையை விட்டபின் இறந்ததாகக் கணக்கானால் பத்து வருஷ நிபந்தனை வந்து குறுக்கே நிற்கும், பி.எஃபோடு சேர்ந்த இன்சூரன்ஸும் சிக்கும். ஆகவே முதல் வேலை, கம்பெனி எச்.ஆரிடம் போய் வெளியேறிய தேதி இறந்த தேதியாகவும், காரணம் 'பணியிலிருக்கும்போது இறப்பு' என்றும் பதியச் சொல்வது. எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

இன்சூரன்ஸைப் பற்றிப் புரோக்கர் வாயே திறக்க மாட்டார். பி.எஃப். பிடித்தம் உள்ள எல்லாருக்கும் முதலாளி கட்டுகிற காப்பீடு இது. தொழிலாளி சம்பளத்தில் இதற்காக ஒரு பைசா பிடிப்பதில்லை. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை, உச்சவரம்பு 15,000, 35ஆல் பெருக்க வேண்டும். அதோடு பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதி, 1,75,000 வரை, சேரும். சம்பளம் 14,000, சராசரி இருப்பு 1,60,000 என்றால் 4,90,000 கூட்டல் 80,000, ஆக 5,70,000 ரூபாய். அதிகபட்சம் 7 லட்சம். ஒரு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் வீட்டுக்கு 2.5 லட்சத்துக்குக் குறையாது. புரோக்கருக்குத் தெரியாமலா இருக்கும்? இறப்புச் சான்று வைத்து நேர்வழியில் போட வேண்டிய விண்ணப்பம் என்பதால் தொடுவதில்லை. தொட்டாலும், "கம்பெனி கருணைத் தொகை" என்று ஒரு லட்சம் மட்டும் காட்டிவிட்டு மீதியைச் சுருட்டியவர்கள் உண்டு.

இறப்பு கம்பெனிக்குள்ளோ, வேலைக்குப் போகிற வருகிற வழியிலோ நடந்திருந்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கு தனி. வேலையின் காரணமாக நேர்ந்த மரணம் என்றால், சம்பளத்தில் 90 சதவீதம்தான் குடும்பத்துக்கான முழுத் தொகை. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு மாதாமாதம், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கு; கூட்டினால் முழுத் தொகையைத் தாண்டும்போது எல்லார் பங்கும் அதற்கேற்பக் குறையும். ஈமச்செலவுக்கு 15,000 தனியே. 'உடம்பு சரியில்லாமல் இறந்தார்' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு லட்சம் கொடுக்க யாராவது வந்தால், அந்தத் தாளைத் தொடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, கம்பெனி அனுப்பிய விபத்து அறிக்கை, இந்த மூன்றும்தான் பிறகு பேசும்.

முறையான வழி கடினமில்லை. 'இறப்பு நேர்வுக்கான கூட்டு விண்ணப்பம்' என்று ஒரே படிவம், பி.எஃப்., ஓய்வூதியம், காப்பீடு மூன்றுக்கும் அதிலேயே டிக் செய்ய இடம் உண்டு. பழைய 20, 10-டி, 5-ஐ.எஃப். மூன்றும் அதில் அடக்கம். மூன்றிலும் டிக் விழுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கட்டணம் கிடையாது. இறப்புச் சான்று, மனைவியின் பெயரிலுள்ள பாஸ்புக் நகல், ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தாயும் பிள்ளைகளும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். நாமினி பதிவு இல்லையென்றால் வாரிசுச் சான்று. இ-சேவையில் 60 ரூபாய். நாமினியாக மாமியார் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஓய்வூதியம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். கம்பெனி மூடிவிட்டதென்றால் கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி வேலூர் மண்டல பி.எஃப். அலுவலகத்தில் நேரே கொடுக்கலாம்.

நம் பக்கத்தில் அதிகம் இடறுவது இரண்டு இடத்தில். வேலூர் நகருக்குள் இருக்கிற ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு இறப்புப் பதிவு வேலூர் மாநகராட்சியில் இருக்கும். ஆம்பூர் நகராட்சியில் தேடி மாதக்கணக்கில் அலையக்கூடாது. சித்தூரில் இறந்திருந்தால் ஆந்திரச் சான்று. அடுத்தது பெயர். கம்பெனிப் பதிவில் முகமது, ஆதாரில் முஹம்மத்; ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. வாரிசும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியால் இதைத் திருத்தலாம். முதலில் இதை முடித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்.

தாலுகா ஆபீஸில் தருகிற ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் வேறு, இது வேறு. அதற்கு எழுதிவிட்டோமே என்று இதை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், 10-சி விண்ணப்பத் தேதியையும் இறப்புச் சான்றையும் பக்கத்தில் வையுங்கள். இறந்த ஆள் எப்படி விண்ணப்பித்தார் என்ற கேள்வியே உங்கள் ஆதாரம். அதைக் காட்டி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்; மாதம் 27ஆம் தேதி மாவட்டத்தில் நடக்கும் பி.எஃப். குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம். இன்சூரன்ஸ் தொகை 10-சியால் தீர்ந்துபோவதில்லை, அதற்குத் தனியே விண்ணப்பியுங்கள். புரோக்கர் மேல் போலீஸில் புகார் எழுத, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார், போன் 15100. போகும்போது இறந்தவரின் சிம்மைக் கையோடு எடுத்துப் போங்கள், ரீசார்ஜ் தீராமல் வைத்திருங்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.