18 மைக்ரோமீட்டர் ஒளிக்காக ஐந்து ஷிஃப்ட்: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் படிக ஆய்வுக்கு 18 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தீவிரமான அகச்சிவப்பு ஒளி தேவைப்பட்டது. டர்பன் ஆய்வகத்தில் மேசைமேல் இருக்கும் லேசர் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே ஐரோப்பிய நிலையம் ஒன்றின் கட்டற்ற எலக்ட்ரான் லேசரில் (முடுக்கியில் வேகமேற்றிய எலக்ட்ரான்களைக் காந்தங்களுக்கிடையே நெளியவிட்டு ஒளி பெறும் இயந்திரம்) விண்ணப்பித்து ஐந்து ஷிஃப்ட் பீம் டைம், அதாவது அதன் ஒளியைப் பயன்படுத்தும் நேரம், பெற்றோம். ஆய்வு முடிவுகளை வெளியிடும் பல்கலைக்கழகக் குழுக்களுக்குக் கட்டணமில்லை. விமானச் செலவும் ஷெங்கன் விசாவுக்கான அலைச்சலும் நம்முடையவை.

முதல் நாள் காலை, லேசரை இயக்குபவர் கடை ரசீதுக்குரிய வெப்பத்தாள் துண்டு ஒன்றை ஒளியின் பாதையில் பிடித்தார். கடுகளவில் ஒரு கரும்புள்ளி விழுந்தது, ஆனால் நீள்வட்டமாக. கண்ணாடிகளை அவர் சற்றே திருப்பிய பிறகு அடுத்த துண்டில் அது வட்டமாகிவிட்டது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே லேசரை இயக்கிப் பழகிய எனக்கு அந்த நிதானம் பொறாமையாகவே இருந்தது.

இந்த இயந்திரத்தின் தனிச்சிறப்பு, எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தொடாமலே, அவற்றை நெளியவைக்கும் அன்டுலேட்டரின் காந்த வரிசைகளுக்கிடையே உள்ள இடைவெளியை மாற்றி, சில நிமிடங்களில் வேறோர் அலைநீளத்துக்குச் செல்ல முடிவதுதான். லேசர் கண்ணாடிகளுக்கிடையிலான தூரத்தைச் சில பத்து மைக்ரோமீட்டர் குறைக்கச் சொன்னோம். திறன் சரிந்தாலும் நிறமாலைக் கோடு ஒடுங்கியது, அதாவது ஒளியின் அலைநீளப் பரவல் குறைந்தது, எங்களுக்கு வேண்டியதும் அதுவே. ஒளி செல்லும் குழாய்களில் காற்றை அகற்றியிருந்தார்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் 6 மைக்ரோமீட்டரை ஒட்டிய ஒளியை நீராவி எப்படி விழுங்கும் என்பதை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

குறை இரண்டாம் இரவில் தெரிந்தது. அலைநீளம் எங்களுக்கு வேண்டிய அளவிலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததை இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் நிறமாலைமானியில்தான் கண்டோம். அலைநீளம் எலக்ட்ரான் ஆற்றலின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு தாழ்ந்தாலே அலைநீளம் ஆயிரத்தில் இரண்டு பங்கு நீண்டுவிடும். முடுக்கியின் குளிர்நீர் வெப்பநிலை ஏறியதே காரணம் என்று பிறகு சொன்னார்கள். எலக்ட்ரான் கற்றையின் ஆற்றல் பதிவு கட்டுப்பாட்டு அறையில் இருந்தும் பயனருக்கு அது வருவதில்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

திறனைப் பொறுத்தவரை எங்களுக்குக் கிடைத்தது சில வாட்டுகளே. படிக ஆய்வுக்கு அது தாராளம். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகம் 2006-இல் 1.6 மைக்ரோமீட்டரில் 14 கிலோவாட்டைத் தாண்டியது வேறு கதை. அங்கே ஒளியை உமிழ்ந்ததால் ஆற்றல் பரவல் விரிந்துபோன, ஏறத்தாழ ஒரு மெகாவாட் எலக்ட்ரான் கற்றையைச் சிந்தாமல் வளைத்து, மீக்கடத்து முடுக்கிக்கே எதிர்க்கட்டத்தில் (வேகமேற்றாமல் வேகம் குறைக்கும்படி) திருப்பி அனுப்பி, அதன் ஆற்றலின் பெரும்பகுதியை மீட்டார்கள். அந்த அளவில் கண்ணாடிகள் சூடேறி உருமாறுவதே பெரிய தலைவலி. எங்கள் ஐந்து ஷிஃப்டிலும் அந்தத் தொல்லை எழவில்லை.

10 மைக்ரோமீட்டருக்குள் வேலை முடியுமென்றால் உள்ளூர் மேசை லேசரே போதும், பயணம் வேண்டாம். அதற்கு அப்பால் தேவைப்படுவோர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் கற்றை ஆற்றல் பதிவைத் தரவுக் கோப்புடன் சேர்த்துத் தருமாறு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அது கிடைத்திருந்தால் ஐந்துக்கு ஐந்து தந்திருப்பேன், இப்போதைக்கு நான்கு.