அம்மாவுக்கு வரும் வலி நிவாரண சிஸ்டர்: ஒன்றரை வருட அனுபவம்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, நாலாம் ஸ்டேஜ் என்று சொன்னபோது வீட்டில் நர்ஸ் தேவைப்படும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மா நடமாடிக்கொண்டுதான் இருந்தார், சமைத்துக்கொண்டும் இருந்தார். ஆஸ்பத்திரியில் பாலியேட்டிவ் கேர் டீமை, அதாவது வலியையும் அவதியையும் குறைக்கப் பார்க்கும் வலி நிவாரணப் பிரிவைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அப்பா அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார், இனி செய்ய ஒன்றுமில்லை என்று கைகழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டு மாதம் அந்தச் சீட்டு பைக்குள்ளேயே கிடந்தது. அந்த எட்டு மாதம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடையில் ஒரு தனியார் ஏஜென்சி மூலம் பகல் நேரத்துக்கு ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம். வந்த பெண் அன்பானவர், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் இந்த நோயைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கியே இருக்கும், பிரஷர் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டிய அந்தக் கையிலேயே பட்டையைச் சுற்றினார். ஒரு மாதத்தோடு நிறுத்திவிட்டோம்.

அப்புறம்தான் சீட்டை எடுத்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் சேவை அது. இரண்டு நர்ஸ், வாரம் ஒருமுறை டாக்டர், ஒரு வண்டி, அவ்வளவுதான், கட்டணம் கிடையாது. இருக்கும் வீடுகளுக்கே அவர்களால் ஓட முடியவில்லை, அதனால் பெயரைப் போடவில்லை.

முதல் நாள் சிஸ்டர் பையைத் திறக்கவே இல்லை. ஸ்டூலை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலி எப்படி இருக்கு என்று கேட்டதும் அம்மா வழக்கம்போல "பரவாயில்ல சிஸ்டர்" என்றார், டாக்டரிடமும் அதையேதான் சொல்வார். "சரிம்மா, ராத்திரி புரண்டு படுக்கும்போது முழிப்பு வருதா? எத்தனை தடவை?" அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, படுக்க முடியாமல் மாதக்கணக்கில் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் விடிய வைக்கிறேன் என்றார். நாங்கள் பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தோம்.

அவர்கள் டாக்டர் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையை ஆரம்பித்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கும்போது மட்டும் இரண்டு மடங்கு, நடுராத்திரியில் எழுந்து போட வேண்டாம் என்பதற்காக. அப்பா பயந்துவிட்டார், அடிமையாகிவிடுவாளே என்றார். வலிக்கு அளந்து கொடுக்கும்போது அப்படி ஆவது அபூர்வம், ஆனால் மலச்சிக்கல் அநேகமாக வரும், அதனால் முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தும் சேர்த்துக் கொடுக்கணும் என்று சிஸ்டர் நிதானமாகச் சொன்னார். 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்துக் கொடுப்பது முன்பைவிட எளிது, ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் கேட்டால் கிடைக்காது. மூன்றாம் நாள் அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கினார்.

இந்த சிஸ்டருக்கு நோயும் தெரியும், மருந்தும் தெரியும். அம்மாவின் கேன்சர் மாத்திரைகளில் பால்போசைக்ளிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும், லெட்ரோசோல் மட்டும் நிறுத்தாமல் தினமும் போட வேண்டும், ஆனால் அம்மா அந்த ஒரு வாரம் இரண்டையுமே நிறுத்திக்கொண்டிருந்தார்! மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துதான் அதைக் கண்டுபிடித்தார். காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார், இன்றுவரை அது ஓடுகிறது. (2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்த பிறகு பால்போசைக்ளிப்பின் விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது, பழைய விலையைக் கேள்விப்பட்டு பயப்படுகிறவர்கள் மறுபடி விசாரியுங்கள்.) அத்தை ஊரிலிருந்து பம்பளிமாஸ் கொண்டுவந்தபோது, அது பால்போசைக்ளிப்போடு வேண்டாம், ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்றார். எலும்புக்குப் போடும் சோலட்ரானிக் ஊசிக்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி பல்லைப் பார்த்தார், அந்த ஊசி போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, சிறுநீர் அடைப்பது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒருநாள் அம்மா, இன்னும் எவ்வளவு நாள் சிஸ்டர் என்று கேட்டது சமையலறைக்குக் கேட்டது. "தெரியாதும்மா. எதை மனசுல வச்சுக் கேக்குறீங்க?" தம்பி கல்யாணம் தையில். "அப்ப அந்த ஊசியைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் போட வேண்டாம், போட்ட மறுநாள் உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குதுல்ல, டாக்டர்கிட்ட கேட்டுத் தேதியை மாத்துவோம்." மாற்றினார்கள். அம்மா பட்டுப்புடவையில் பந்தி முடியும்வரை இருந்தார்.

குறைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள், மாலை 5 மணிக்கு மேல் போன் மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் சில சமயம் எடுப்பதில்லை. பார்த்ததை எழுதி கேன்சர் டாக்டருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை, நாங்களே ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோகிறோம். குளிப்பாட்ட, கூட இருக்க ஆள் வேண்டுமென்றால் அது தனி ஏற்பாடுதான்.

உங்கள் ஊரில் தேடுகிறவர்கள் சிகிச்சை எடுக்கும் ஆஸ்பத்திரியிலேயே வலி நிவாரணப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், அதில் வீட்டுக்கு வரும் வலி நிவாரண நர்சும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.