பில்லை யார் தாங்குவது? அக்ரஹார, ஆயுஷ்மான், மெடிகேர்

அரசு மருத்துவக் காப்புறுதி எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு சிக்கல் மாறாது. பில் சரியா பிழையா என்று முடிவாகும்வரை அந்தத் தொகையை யாரோ ஒருவர் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு அமெரிக்கக் கிளினிக்குகளுக்கு, அங்கே முதியோருக்கான அரசு காப்புறுதியான மெடிகேரின் பில்லிங் வேலை பார்க்கிறேன். வீட்டில், இலங்கை அரச ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவின் கோப்புகளையும் பார்க்கிறேன். இந்த இரண்டோடு இந்தியாவின் ஆயுஷ்மான் திட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று நாடுகளும் அந்தச் சுமையை மூன்று பேர் தலையில் வைத்திருப்பது தெரியும்.

அக்ரஹாரவில் பெரும்பாலும் நோயாளிதான் முதலில் காசு கட்டுகிறார். அப்புறம் பில்லின் மூலப்பிரதி, டயக்னோசிஸ் கார்ட் (வைத்தியசாலை தரும் நோய்க் குறிப்பு), வேலைத்தலத்தில் உறுதிப்படுத்திய படிவம் எல்லாம் சேர்த்து தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போக வேண்டும். உச்சவரம்புக்கு மேலே போனது அவர் பாடு. வைத்தியசாலைக்கு இதில் ஒரு கவலையும் இல்லை, காசு எப்போதோ வந்துவிட்டது. எங்கள் சின்னம்மா ஆசிரியை. ஒருமுறை கார்டில் இருந்த திகதியும் பில்லில் இருந்த திகதியும் ஒத்துவரவில்லை என்று அவருடைய கோப்பு வேலைத்தலத்திலிருந்தே திரும்பி வந்தது. பிழை விட்டது வார்டில் எழுதியவர். அதைத் திருத்த வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறியது சின்னம்மா. (அரசாங்கத்தின் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பில்லும் இல்லை, இந்த அலைச்சலும் இல்லை. வரிசை மட்டும்தான்.)

இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 இலட்சம் இந்திய ரூபாய். தமிழ்நாட்டில் இது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தே நடக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு மொத்த விலை உண்டு. பல சிகிச்சைகளுக்கு வைத்தியசாலை முதலில் அனுமதி வாங்க வேண்டும். நோயாளி காசு கட்டுவதில்லை. சிகிச்சையை முடித்துவிட்டுக் காசுக்குக் காத்திருப்பது வைத்தியசாலை. விதிப்படி 15 நாட்களில் வர வேண்டும். நடைமுறையில் நிலுவை பெருகி, 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் பல தனியார் வைத்தியசாலைகள் இந்தத் திட்டத்தில் சேவையையே நிறுத்தின.

கணக்காய்விலும் இது சறுக்கியது. 2023இல் வெளிவந்த இந்தியக் கணக்காய்வு அறிக்கையில், வெறும் ஒன்பதுகளால் ஆன ஒரே கைத்தொலைபேசி எண்ணில் கிட்டத்தட்ட 7.5 இலட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளுக்குப் புதிய சிகிச்சைக்குக் காசு கொடுத்த பதிவுகளும் இருந்தன. வாசலில் அனுமதி கேட்டாலும் உள்ளே நுழைகிறவர் யார் என்று பார்க்க ஆளில்லாவிட்டால் இப்படித்தான்.

மெடிகேர் வேறு ரகம். முதலில் தாங்குவது அரசு. சிகிச்சை நடந்த ஒரு வருடத்துக்குள் பில் அனுப்ப வேண்டும். குறையில்லாத பில் என்றால் கேள்வி கேட்காமல் சில வாரங்களில் காசு வந்துவிடும். தாமதித்தால் அரசு வட்டியும் கட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். தலையிடி பிறகு வருகிறது. மூன்று வருடம் பின்னோக்கிப் போய்க் கொடுத்த காசைத் தோண்டுவதற்கென்றே ஒப்பந்த நிறுவனங்கள் உண்டு. மருத்துவக் குறிப்புகளை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால் 45 நாள் தவணை. அனுப்பாவிட்டால் சிகிச்சை உண்மையாகவே நடந்திருந்தாலும் காசு போய்விடும். டொக்டரின் குறிப்பில் கையெழுத்து இல்லாமல் போவது போன்ற சில்லறைக் குறைகள்தான் அங்கே காலை வாரிவிடும்.

என் கண்ணில் குத்துவது அந்த நிறுவனங்களின் கூலி. மீட்ட தொகையில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷன். வேட்டையாடியவனுக்கு இறைச்சியில் பங்கு கொடுத்தால் அவன் கொழுத்த மிருகத்தைத்தானே தேடுவான்? அவர்கள் தேடிப் பிடித்தது குறுகிய நாள் அனுமதிகளை: “வார்டில் சேர்த்திருக்கத் தேவையில்லை, வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்” என்று சொல்லி முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். வைத்தியசாலைகள் மேன்முறையீட்டில் குவிந்து, நீதிபதிகளின் மேசை நிரம்பி வழிந்தது. கடைசியில் 2014இல் அரசே, வழக்கை விட்டால் கிடைக்க வேண்டிய தொகையில் 68 சதவீதம் தருகிறேன் என்று பேரம் பேசியது. முந்தைய வருடமே, இரண்டு நள்ளிரவைத் தாண்டித் தங்க வேண்டி வரும் என்று டொக்டர் எதிர்பார்த்தால் அது வார்ட் அனுமதி என்று விதியும் போட்டிருந்தார்கள்.

ஆனாலும் மெடிகேரில் ஒரு நியாயம் இருக்கிறது. தவணைகள் எழுத்தில் உண்டு, எவ்வளவு பின்னோக்கித் தோண்டலாம் என்பதற்கு எல்லை உண்டு, மேன்முறையீட்டுக்கு ஐந்து படி உண்டு. ஐந்தாவது படி நீதிமன்றம். கொழும்பில் சின்னம்மாவுக்கு அப்படி ஒரு ஏணி யாரும் காட்டவில்லை.

இலங்கைக்கு ஒரு வழியை என்னைத் தெரிவு செய்யச் சொன்னால், கண் புரை, ஹேர்னியா போன்ற திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளுக்கு ஆயுஷ்மான் வழியை எடுப்பேன்: விலையை முன்பே பேசி, நேரே வைத்தியசாலைக்குக் கொடுப்பது. கணக்காய்வுக்கு மெடிகேரின் தவணைகளையும் மேன்முறையீட்டையும் எடுப்பேன், கமிஷனை விட்டுவிடுவேன். அப்படிச் செய்தாலும் விலையை அடிமட்டத்தில் வைத்தால் நல்ல தனியார் வைத்தியசாலை எதுவும் சேராது. நிலுவை வைத்தால் சேர்ந்த வைத்தியசாலையும் கழன்றுவிடும். ஆகவே விலைப்பட்டியலைத் தயாரிக்க முன்னர், மாதா மாதம் தவறாமல் காசு விடுவீர்களா என்று திறைசேரியிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.