இதய நோயாளியின் ஓட்டத்துக்கு ஒரு நெஞ்சுப் பட்டி: போலார் எச்10

ஸ்ரென்ட் (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் வலைக்குழாய்) வைத்த ஒருவர் திரும்பவும் ஓடலாமா என்பதை இதய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கருவியும் சொல்லாது. அவர் அனுமதித்த பின்னர், அனுமதித்த துடிப்பு எல்லைக்குள் நின்று ஓடுவதற்கு உதவும் பொருளாகவே, இதயத் துடிப்பை அளக்கும், பின்லாந்தின் போலார் நிறுவனத் தயாரிப்பான எச்10 நெஞ்சுப் பட்டியை நான் மதிப்பிடுகிறேன். கிளிநொச்சியில் இரணைமடுக் குளக்கட்டிலும் அதை அண்டிய கிரவல் வீதிகளிலும் ஒரு சோளகக் காலமும் ஒரு மாரியும் இதை அணிந்து மெதுவோட்டம் ஓடியிருக்கிறேன்.

இதற்கு முன்னர் என்னிடம் இருந்தது மலிவான கைக்கடிகாரம் ஒன்று. மணிக்கட்டுக் கருவிகள் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிப்பவை. கை வீச்சும் வியர்வையும் தளர்ந்த பட்டியும் சேர்ந்தால், சில வேளைகளில் இதயத்தை விட்டுவிட்டுக் கால் அடிகளை எண்ணத் தொடங்கிவிடும். கடிகாரம் நிமிடத்துக்கு 160 என்று காட்டியபோது நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். 110ஐச் சுற்றியே இருந்தது. நலமானவருக்கு அது எரிச்சல் மட்டுமே, ஆனால் எல்லை குறித்துக் கொடுக்கப்பட்டவருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. நெஞ்சுப் பட்டியோ ஈ.சி.ஜி. எடுப்பதைப் போல இதயத்தின் மின் சைகையையே நேரடியாகப் பிடிப்பதால், ஓடும்போதும் விரலால் எண்ணும் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அந்த எல்லையை 220இலிருந்து வயதைக் கழித்துப் பெறலாம் என்று பலரும் சொல்லுவார்கள். பைசோபிரோலோல், அற்றெனோலோல் போன்ற பீற்றா புளொக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மருந்தே துடிப்பை அடக்கி வைப்பதால், அவர்கள் முழு மூச்சாக ஓடினாலும் அந்த எண்ணை எட்டமாட்டார்கள். மாத்திரையை வழமைபோல் எடுத்துக்கொண்டு செய்த எக்சர்சைஸ் ஈ.சி.ஜி. (உடற்பயிற்சியின்போது எடுக்கும் ஈ.சி.ஜி.) பரிசோதனையைப் பார்த்து எனது வைத்தியர் 120 என்று குறித்துத் தந்தார். அது எனக்கான எண், வேறு யாருக்கும் உரியதல்ல.

பட்டியின் அருமை சோளகத்தில்தான் தெரிந்தது. குளக்கட்டில் காற்றுக்கு எதிராகத் திரும்பியதும் வேகம் குறைந்துவிடும், துடிப்போ ஏறிக்கொண்டே போகும். வெயில் ஏறினால், அதே வேகத்தில் ஓடினாலும் அரை மணிக்குப் பிறகு எண் முன்னையதைவிட உயர்ந்து நிற்கும். வேகத்தைப் பார்த்து ஓடுகிறவர் இந்த இரண்டையும் கவனிக்கமாட்டார். நான் 115 ஆனதும் நடக்கத் தொடங்குகிறேன். பின்னால் வருகிற பள்ளிக்கூடப் பெடியள் முந்திக்கொண்டு போகட்டும்.

பட்டியில் திரையோ அதிர்வோ கிடையாது. எண்ணைப் பார்க்கப் புளூரூத் வழியாகக் கைத்தொலைபேசியோ கடிகாரமோ இணைக்க வேண்டும் என்பதால், இணைக்கும் கருவியில் மேல்வரம்பைத் தாண்டினால் ஒலிக்கும் வசதி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நெஞ்சுப் பட்டியும் உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் தாறுமாறான எண் தரும்; உட்புற மின்வாய்களைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. ஓடி முடிந்ததும் பட்டியில் பொருத்தியிருக்கும் உணரியைக் கழற்றிவிட்டுப் பட்டியை அலச வேண்டும், ஏனெனில் ஈரம் பட்டுக்கொண்டிருந்தால் பற்றரி வீணாகத் தீரும். பற்றரி சி.ஆர்.2025 வகை, 400 மணித்தியாலம் உழைக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. எங்கள் பக்கக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது அதைவிடத் தடித்த 2032ஐத்தான். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இது மருத்துவக் கருவி அல்ல. மாரடைப்பு வருமுன் எச்சரிக்காது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு எண் துள்ளிக் குதிப்பதால், அதை நம்பி எல்லை வைக்க முடியாது. பேஸ்மேக்கரோ டிஃபிபிரிலேற்றரோ பொருத்தியவர்கள் கிளினிக்கில் கேட்காமல் வாங்கவே கூடாது. பட்டி 95 என்று காட்டினாலும், நெஞ்சு இறுகினாலோ தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் வைத்தியர் சொன்னபடி எடுத்துக்கொண்டு 1990 இலவச நோயாளர் காவு வண்டியை அழைக்க வேண்டும். குளக்கட்டு நீளமானது, எந்தப் பக்கத்தில், எந்தத் துருசுக்கு அருகில் நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விலை மலிவல்ல. வன்னிக் கடைகளில் நான் கண்டதில்லை, கொழும்பிலிருந்துதான் எடுப்பித்தேன். பட்டி நைந்துபோனால் அதை மட்டும் தனியாக வாங்கி அதே உணரியைப் பொருத்தலாம் என்பதால், அந்தச் செலவு எனக்கு உறுத்தவில்லை. பட்டி இரண்டு அளவுகளில் வருகிறது. மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்துவிட்டு ஓடர் கொடுங்கள்.